டிராக்டர் விலையில் 52,000 வித்தியாசம்: தூரத்து டீலரா, காரைக்குடியா?

ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே 45 எச்.பி. வண்டி. காரைக்குடி டீலர் எழுதிக் கொடுத்த கொட்டேஷனில் 7,64,000 ரூபாய். கொங்குப் பக்கம், இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் டீலர் சொன்னது 7,12,000. வித்தியாசம் 52,000. இந்தப் பணத்தில் ஒரு ஒன்பது கொத்துக் கலப்பை வாங்கி, மிச்சத்தில் பம்பு செட் வேலையும் பார்த்துவிடலாம். கேட்டவர்கள் எல்லோரும் "இதுல யோசிக்க என்ன இருக்கு, லாரி ஏறிப் போய் எடுத்துட்டு வா" என்றார்கள்.

நான் கடைசியில் காரைக்குடியில்தான் வாங்கினேன். ஏன் வாங்கினேன், எந்தக் கணக்கைப் போட்டேன், யாருக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது என்பதை எழுதி வைக்கிறேன். இந்தத் தீபாவளி, பொங்கலுக்குள் வண்டி எடுக்க நினைக்கிறவர்களுக்கு உதவும்.

எனக்கு ஊர் கல்லல் பக்கம். கொஞ்சம் கண்மாய்ப் பாசன நஞ்சை, கொஞ்சம் செம்மண் புஞ்சை. சொந்த வேலை போக மீதி நாளெல்லாம் சுற்று வட்டாரத்தில் வாடகை உழவு. பழைய வண்டிக்கு வயதாகிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைகிறது என்று அறிவிப்பு வந்ததும், அதுவரை பொறுத்திருந்து கொட்டேஷன் வாங்கினோம். இதில் ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். வரி இங்கேயும் அதேதான், அங்கேயும் அதேதான். கம்பெனி டீலருக்குக் கொடுக்கும் விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்கப் போவதில்லை. அப்படியானால் 52,000 எங்கிருந்து குறைகிறது?

என் மனைவி கேட்டதும் இதைத்தான். "கொறச்சலா குடுக்குறாகன்னா ஏன் கொறச்சல்னு கேட்டீகளா?"

போன் போட்டுக் கேட்டேன். மாத இலக்கு முடிக்க வேண்டும், அதனால் தங்கள் லாபத்தைக் குறைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். அதிகம் விற்கும் டீலர், வண்டிக்கு வண்டி லாபத்தைக் குறைத்து எண்ணிக்கையில் பிடிப்பது நடக்கிற விஷயம்தான். ஆனால் வேறு இரண்டு காரணங்களும் இருக்கக்கூடும், அவற்றைச் சரிபார்க்காமல் முன்பணம் கட்டக் கூடாது. ஒன்று, வண்டி எந்த மாதம், எந்த வருஷம் தயாரானது என்பது. டீலரிடம் ஏழெட்டு மாதம் வெயிலில் நின்ற வண்டியும் புது வண்டிதான், ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரில் மணி ஏறியிருக்காது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு வருஷம் பழையதாக விழும், நாளைக்கு விற்கப் போனால் அந்த ஒரு வருஷத்துக்கு விலை குறைத்துத்தான் கேட்பார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 3224 என்றிருந்தால் 2024-ஆம் வருஷம் 32-ஆவது வாரத்தில் தயாரான டயர். அந்த எண்ணையும், பேட்டரியில் உள்ள தேதியையும், சேசிஸ் பிளேட்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். நேர்மையான டீலர் யோசிக்காமல் அனுப்புவார். எனக்கும் அனுப்பினார்கள், வண்டி புதிதுதான்.

இரண்டாவது காரணம் கொட்டேஷனுக்குள்ளேயே இருந்தது. காரைக்குடிக் கொட்டேஷனில் முன் பம்பர், டாப் லிங்க், இழுவைக் கொக்கி, மேற்கூரை எல்லாம் சேர்ந்திருந்தன. அங்கே இவை தனி. அதற்கு 8,500 ஆகும். வண்டியைக் கொண்டுவர லாரி வாடகை 11,500 கேட்டார்கள். ஓட்டிக்கொண்டே வந்துவிடலாமே என்றால், புது இன்ஜினை முதல் ஐம்பது மணி நேரத்துக்குப் பழக்கி எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ரோட்டில் விரட்டுவது நல்லதல்ல என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது. அப்புறம் பதிவு. வண்டிக்கு நிரந்தரப் பதிவை எங்கள் முகவரிக்கு உட்பட்ட போக்குவரத்து அலுவலகத்தில் போடுவதாகத்தான் நான் கணக்கு வைத்தேன். சிவகங்கை மாவட்டத்துக்காரனுக்கு டி.என். 63. வெளியூரில் வாங்கினால் தற்காலிகப் பதிவு போட்டுக் கொண்டுவந்து, இங்கே நாமே காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அந்தச் செலவு 2,000 என்று வைத்துக்கொண்டேன். எல்லாம் கழித்தால் 52,000 என்பது சுமார் 30,000 ஆகிவிட்டது.

இந்த 30,000 உண்மையான வித்தியாசம். இதையும் ஒதுக்கித் தள்ள முடியாது. இதற்கு எதிராக எதை வைப்பது என்பதுதான் என் யோசனையாக இருந்தது.

கடன் வாங்கி எடுப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று வட்டியைப் பார்க்க வேண்டும். ஆறு லட்சம் கடனுக்கு, ஐந்து வருஷத்தில், பிளாட் வட்டியில் (பாக்கி குறைந்தாலும் முழுக் கடன் தொகைக்கும் கடைசி வரை போடும் வட்டி) ஒரே ஒரு சதவீதம் கூடினால் அதுவே 30,000. டீலர் விலையில் குறைத்துவிட்டு, தனக்கு வேண்டிய பைனான்ஸில் கடன் போட வைத்தால், குறைத்த பணம் அங்கே திரும்பப் போய்விடும். விலையையும் வட்டியையும் தனித்தனியாகப் பேசாமல், ஐந்து வருஷத்தில் மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று ஒரே தாளில் எழுதிக் கேட்க வேண்டும். பிளாட்டா, குறையும் பாக்கிக்கு வட்டியா என்பதையும் வாயால் சொல்ல வைக்காமல் எழுத வைக்க வேண்டும்.

சரி, சர்வீஸுக்கு வருகிறேன்.

எங்கள் பகுதியில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. கண்மாயும் ஊருணியும் மழையை நம்பி நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பிழைப்பு. ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் புழுதி உழவு ஓட்டி நெல்லை விதைத்துவிட்டு மழையை எதிர்பார்த்திருப்போம். கண்மாயில் தண்ணீர் ஏறினால் நடவு வயல்களில் தொளி உழவு, அதாவது சேற்று உழவு. புஞ்சையில் கடலை போடுகிறவர்களுக்கு மழை ஈரம் காய்வதற்குள் உழ வேண்டும். இந்தச் செம்மண் சீக்கிரம் ஈரத்தை விட்டுவிடும். இரண்டு நாள் வெயில் அடித்தால் கொத்து இறங்காது, இறங்கினாலும் கட்டி கட்டியாகப் பெயரும். ஆக, வருஷத்தில் சில வாரங்கள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் வேண்டும். அந்தச் சில வாரங்களில் சம்பாதிப்பதுதான் வண்டியின் தவணையைக் கட்டும். மாசி, பங்குனியில் வண்டி பத்து நாள் பட்டறையில் கிடந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

கணக்கு இப்படிப் போட்டேன். ரொட்டவேட்டர் (சுழல் கலப்பை) ஓட்ட மணிக்கு 1,200 வாங்குகிறோம். சேற்றில் ரொட்டவேட்டர் இழுக்க மணிக்கு ஆறு லிட்டர் டீசல் போகிறது, அப்போதைய விலையில் அது 550-க்கு மேல். டிரைவர் கூலி, தேய்மானம் கழித்தால் கையில் 500 நிற்கும். சீசனில் நாளைக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் 5,000. அப்படியானால் 30,000 என்பது சீசனில் ஆறு நாள். தூரத்தில் வாங்கிய காரணத்தால் ஐந்து, ஆறு வருஷத்தில் மொத்தமாக ஆறு சீசன் நாள் கூடுதலாக வண்டி நின்றாலே மிச்சப்படுத்தியது போய்விடும். இதில் என் சொந்த வயல் காய்வதைச் சேர்க்கவில்லை. "அண்ணன் வண்டி நிக்குதாம், வேற ஆளக் கூப்பிடு" என்று போகும் வாடிக்கையையும் சேர்க்கவில்லை. ஒரு தடவை வேறு வண்டிக்குப் போனவர்கள் அடுத்த வருஷம் அந்த வண்டியைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள்.

அது சரி, உள்ளூரில் வாங்கிவிட்டால் மட்டும் வண்டி நிற்காதா? இதுதான் முக்கியமான கேள்வி. பக்கத்தில் ஷோரூம் இருக்கிறது என்பதால் சர்வீஸ் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் வைத்த ஷோரூம், பின்னால் போனால் ஒரே ஒரு மெக்கானிக், ஸ்பேர் அலமாரியில் ஆயில் டப்பா மட்டும் என்று இருக்கிற இடங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் 30,000 கூடுதலாகக் கொடுப்பது வீண். அந்த நிலைமையில் நானும் லாரி ஏறியிருப்பேன்.

அதனால் ஷோரூமுக்குள் உட்கார்ந்து டீ குடிப்பதற்கு முன்னால் பட்டறையைப் பார்த்தேன். சீசன் நேரத்தில் காலையில் போய்ப் பார்ப்பதுதான் சரியான முறை. எத்தனை வண்டி பிரித்துப் போட்டுக் கிடக்கிறது, பிரித்த வண்டிமேல் தூசி எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். தூசி படிந்திருந்தால் ஸ்பேருக்குக் காத்திருக்கிறது என்று பொருள். எந்த ஸ்பேருக்கு, எத்தனை நாளாக என்று அங்கே நிற்கிற டிரைவரிடமே கேட்கலாம். டிரைவர்கள் மறைக்க மாட்டார்கள். திங்கட்கிழமை காரைக்குடிச் சந்தைக்கு வருகிற வண்டிக்காரர்களிடமும் விசாரித்தேன். "மெக்கானிக் நல்லவரா" என்று கேட்டால் எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். "போன கார்த்திகையில கூப்பிட்டப்ப எப்ப வந்தாக?" என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் உபயோகமான பதில் வரும். வயலுக்கே வருவார்களா, வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வரச் சொல்வார்களா என்பதையும் சேர்த்துக் கேட்டேன். சேற்றில் நிற்கிற வண்டியைக் காரைக்குடிக்கு இழுத்துப் போவது என்றால் அதற்கு இன்னொரு வண்டி வேண்டும்.

ஸ்பேர் கவுண்டரில், வாங்குகிறவன் போலவே, சில சாமான்களின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். கிளட்ச் பிளேட், ஹைட்ராலிக் பம்பு சீல் கிட், முன் ஹப் பேரிங், பின் ஆக்ஸில் ஆயில் சீல், பேன் பெல்ட், டீசல் பில்டர். எங்கள் மண்ணில், தொளி உழவில், அடிக்கடி போகிறவை இவைதான். பெல்ட்டும் பில்டரும் எல்லா இடத்திலும் கிடைக்கும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது. சீல் கிட்டும் ஹப் பேரிங்கும் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். கிளட்ச் பிளேட் இல்லை. "மதுரையில இருந்து மறுநாள் பஸ்ஸுல வந்துரும்" என்றார்கள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

இங்கே என் மச்சானின் கதையைச் சொல்லியாக வேண்டும். அவர் அதே மாடலை, அதே தூரத்து டீலரிடம், எனக்கு ஒரு வருஷம் முன்னால் எடுத்தவர். ஐப்பசியில் பின் ஆக்ஸில் ஆயில் சீல் கசிந்து, ஆயில் பிரேக்குக்குள் இறங்கி, ஒரு பக்கம் பிரேக் பிடிக்கவில்லை. வாரண்டிக்குள்தான் இருந்தது. காரைக்குடி டீலரிடம் போனால், "எங்க கஸ்டமர் வண்டியே வரிசையில நிக்குதுண்ணே, வாங்குன எடத்துல ஒரு வார்த்தை கேளுங்க" என்றார்கள். வாங்கின இடத்தில் கேட்டால், "கம்பெனி வாரண்டிதானே, எந்த டீலரும் பார்த்துத் தரணும்" என்றார்கள். காகிதத்தில் இரண்டாவது பேச்சுதான் சரி. வாரண்டி கம்பெனியுடையது, அங்கீகாரம் பெற்ற எந்த டீலரும் அதைச் செய்து கொடுக்க வேண்டும். மச்சான் கம்பெனியின் இலவச எண்ணுக்குப் போன் போட்டு, புகார் எண் வாங்கி, அந்த எண்ணை வைத்து மேலே பேசி, கடைசியில் ஒரு பைசா செலவில்லாமல் சீல் மாற்றித்தான் கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் அந்தச் சுற்று மழையின் உழவு முடிந்துவிட்டது.

காரைக்குடி டீலர் மச்சானுக்குச் செய்தது நியாயம் என்று நான் நினைக்கவில்லை. வண்டி வாங்குவதற்கு முன்னால் சர்வீஸ் மேனேஜரிடம் இதை நேராகவே கேட்டேன். அவர் மழுப்பாமல் பதில் சொன்னார். சீசனில் இருக்கிற நான்கு மெக்கானிக்கை வைத்து, தாங்கள் விற்ற வண்டிகளைத்தான் முதலில் பார்ப்போம், மற்ற வண்டியை மறுக்க மாட்டோம், ஆனால் வரிசையில் பின்னால்தான் வரும் என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் நான் முடிவெடுக்க அதுதான் மிகவும் உதவியது. உள்ளூர் டீலரிடம் கூடுதலாகக் கொடுக்கிற 30,000 அந்த வரிசையில் முன்னால் நிற்பதற்கான பணம். தூரத்தில் வாங்க நினைக்கிறவர்கள் உள்ளூர் டீலரிடம் இந்தக் கேள்வியை வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். சில ஊர்களில் அப்படிப் பாகுபாடு பார்க்காத டீலர் இருக்கலாம். அங்கே இந்தக் கணக்கு முழுதாக மாறிவிடும்.

இதோடு இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். டயர், பேட்டரி, டீசல் பம்ப் இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் வாரண்டி அவற்றைத் தயாரித்த கம்பெனிகளின் வழியாகத்தான் வரும். டீலர் தூரத்தில் இருந்தாலும் பக்கத்தில் இருந்தாலும் இதில் பெரிய வித்தியாசமில்லை. இன்வாய்ஸும் வாரண்டி அட்டையும் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு அந்தக் கார்த்திகையிலேயே சோதனை வந்தது. கண்மாய்க்குக் கீழே ஒரு வயலில் தொளி ஓட்டிக்கொண்டிருந்தோம். வரப்பு ஓரம் திரும்பும்போது ரொட்டவேட்டரைத் தூக்கினால் தூக்கவில்லை. லீவர் மேலே நிற்கிறது, ரொட்டவேட்டர் சேற்றுக்குள் கிடக்கிறது, ஹைட்ராலிக் பக்கத்திலிருந்து ஒரு முனகல் சத்தம். வண்டியை நிறுத்திவிட்டு காரைக்குடிக்குப் போன் போட்டேன். மெக்கானிக் தம்பி பைக்கில் சாமான் பையோடு வந்து சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை.

அவர் ரொட்டவேட்டரைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்டைத் தொடவே இல்லை. முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் பால் ஊற்றிய டீ போல வெளுத்திருந்தது. "தண்ணி ஏறிருச்சுண்ணே" என்றார். எங்கள் வண்டியில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில். சேற்று வயலில் தண்ணீர் மேலே தெறித்துத் தெறித்து, எங்கேயோ ஓர் இடுக்கு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. கியர் லீவர் அடியில் இருக்கும் ரப்பர் உறையை (பூட் என்பார்கள்) விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நிறுத்தினார். அங்கே பூட் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. கீழே ஆயில் சல்லடையைக் கழற்றினால் வெண்ணிறமாக வழவழவென்று படிந்து அடைத்திருந்தது. பம்புக்கு ஆயில் போகாததால்தான் முனகல். அவர் போனில் சொல்லி, பட்டறையிலிருந்து ஒரு லோடு ஆட்டோவில் ஆயிலும் புது ரப்பர் உறையும் வந்தன. பழைய ஆயிலை முழுதாக இறக்கி, சல்லடையைக் கழுவி மாட்டி, புது ஆயில் ஊற்றி, லிஃப்டைத் தூக்கி இறக்கிக் காற்றை வெளியேற்றி, இருட்டுவதற்குள் வண்டி தயார். பூட் வாரண்டியில் வந்தது. ஆயில் என் செலவு. ஐம்பது லிட்டருக்கு மேல் பிடிக்கிற பெட்டி, சின்னச் செலவில்லை. தண்ணீர் ஏறியதை வாரண்டியில் சேர்க்க மாட்டார்கள் என்பதைத் தொளி ஓட்டுகிற எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் தொளி சீசனில் காலையில் வண்டியை எடுக்கும் முன் அந்தக் குச்சியை உருவி நிறம் பார்க்காமல் ஸ்டார்ட் பண்ணுவதில்லை.

ஊர்ப் பட்டறையில் இதைச் செய்திருக்க முடியாதா என்று கேட்டால், செய்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் கை தேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆனால் வாரண்டிக் காலத்தில் வெளி ஆள் ஹைட்ராலிக்கைப் பிரித்தால், பிறகு அந்தப் பாகத்துக்கு வாரண்டி கேட்கும்போது கம்பெனி மறுக்க இடமுண்டு. வாரண்டி முடிந்த பிறகு எனக்கும் அந்தப் பட்டறைதான்.

இதை வைத்து இன்னொரு முடிவும் சொல்லலாம். 2023 ஜனவரி முதல் 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதிகள் வந்துவிட்டன. அந்த வண்டிகளில் டீசல் செலுத்துவதைக் கணினிப் பெட்டி கட்டுப்படுத்துகிறது. ஒரு சென்சார் போனாலும் கம்பெனியின் கருவியை மாட்டிப் பார்த்தால்தான் என்ன கோளாறு என்று தெரியும். ஊர்ப் பட்டறையில் சுத்தியலும் ஸ்பேனரும் வைத்து அந்த வேலையைப் பார்க்க முடியாது. 55 எச்.பி. வண்டியை, பக்கத்தில் சர்வீஸ் இல்லாமல், விலையை மட்டும் பார்த்துத் தூரத்தில் எடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நான் வாங்கிய நேரத்தில் 50-க்குக் கீழே பழைய மாதிரி மெக்கானிக்கல் பம்புதான் பெரும்பாலும் இருந்தது. அங்கே கொஞ்சம் துணிந்து பார்க்கலாம்.

மச்சான் தன் வண்டியைப் பற்றி வருத்தப்படுகிறாரா என்றால், இல்லை. அவருக்கு முக்கியமான வேலை டிரெய்லர். நெல் மூட்டையைப் புதுவயல் அரிசி ஆலைகளுக்கு அடிப்பது, செங்கல், தேங்காய் என்று வருஷம் பூராவும் பரவலாக ஓடுகிற வண்டி. ஒரு வாரம் நின்றால் அடுத்த வாரம் ஓட்டிப் பிடித்துக்கொள்ளலாம். அவருக்கே பாதி மெக்கானிக் வேலை தெரியும். பிடிவாதமாகப் போன் போட்டுக் காரியம் சாதிக்கிற குணமும் உண்டு. இத்தனையும் இருந்தால் தூரத்து டீலர் லாபம்தான். வருஷத்தில் இருநூறு மணி நேரம்கூட ஓடாத, சொந்தத் தோட்டத்துக்கு மட்டும் வைத்திருக்கிற வண்டிக்கும் அப்படித்தான். என்னைப் போல மழை நாட்களில் வாடகை ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு அது பொருந்தாது.

தூரத்துக் கொட்டேஷன் வாங்கியது வீணாகவும் போகவில்லை. அதைக் காரைக்குடியில் மேசைமேல் வைத்துப் பேசினேன். விலையில் சில ஆயிரத்துக்கு மேல் இறங்கி வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு கேட்டேன். இலவச சர்வீஸ் என்று கூப்பன் கொடுக்கிறார்களே, அதில் வேலைக் கூலிதான் இலவசம், ஆயிலுக்கும் பில்டருக்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டும். முதல் 50 மணி சர்வீஸுக்கும் 250 மணி சர்வீஸுக்கும் இன்ஜின் ஆயிலையும் பில்டரையும் சேர்த்துத் தரச் சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். சீசனில் போன் போட்டால் மறுநாளுக்குள் வயலுக்கு ஆள் அனுப்புவோம் என்பதைக் கொட்டேஷனின் கீழேயே எழுதி, சீல் வைத்து வாங்கினேன். எழுதிக் கொடுத்தால் சட்டப்படி எவ்வளவு செல்லும் என்பது வேறு விஷயம். எழுதியவரின் கையெழுத்து இருக்கும்போது அவர் பேச்சு மாறுவது கடினம். விலையைக் குறைக்கக் கை வராத டீலருக்கும் தன் பட்டறையிலிருந்து கொடுக்க ஏதாவது இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

உள்ளூர் டீலரே ஒருநாள் கடையை மூடிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் நியாயமானது. டீலர்ஷிப் கைமாறுவதும் மூடுவதும் எல்லா ஊரிலும் நடக்கிறது. அதனால் அதே கம்பெனிக்குத் தேவகோட்டை, சிவகங்கை, புதுக்கோட்டை இந்த மூன்றில் எங்காவது இன்னொரு டீலர் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டேன். சுற்று வட்டாரத்தில் அந்தக் கம்பெனி வண்டி எத்தனை ஓடுகிறது என்பதும் முக்கியம். பத்து வண்டி ஓடுகிற ஊரில் டீலர் போனாலும் ஸ்பேரும் மெக்கானிக்கும் போக மாட்டார்கள். ஊரிலேயே ஒரே ஒரு வண்டியாக ஓர் அபூர்வமான கம்பெனியை வாங்கினால், டீலர் எதிர்வீட்டில் இருந்தாலும் எனக்குத் தைரியம் வராது.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று. ஒவ்வொரு முறை மெக்கானிக் வந்து போகும்போதும் ஜாப் கார்டில் ஹவர் மீட்டர் எண்ணைக் குறித்து, என்ன வேலை பார்த்தார், என்ன மாற்றினார் என்று எழுதச் சொல்லி நகல் வாங்குகிறேன். சின்ன வேலைதான், கார்டு வேண்டாம்ணே என்பார்கள். விடுவதில்லை. அதே இடத்தில் அதே கோளாறு மறுபடி வந்தால், வாரண்டி முடிந்த பிறகும் பேசுவதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம். பழைய வண்டியை விற்றபோது வாங்க வந்தவர் இன்ஜினைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் சர்வீஸ் புத்தகத்தைத்தான் கேட்டார். அதில் வரிசையாகச் சீல் விழுந்திருந்ததால் விலை பேசுவதும் சுலபமாக முடிந்தது.